கோடித்துணியும் வெளுத்த நீலமும்: பெங்களூரில் ஒரு கால்சட்டையின் சமூக வரலாறு

(சற்று நீண்ட பதிவு. ஆடை வரலாற்றிலும் உழைப்பு வரலாற்றிலும் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

ஒருவரைப் பற்றிச் 'சாயம் வெளுத்துவிட்டது' என்று தமிழில் சொன்னால் அது குற்றச்சாட்டு. வேடம் கலைந்தது, உள்ளே இருந்தது வெளிப்பட்டது என்பது பொருள். இந்த வழக்கைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பஞ்சதந்திரத்து நரி. நீலச் சாயத் தொட்டியில் விழுந்தெழுந்து காட்டுக்கு அரசனான அந்த நரியை மூலக் கதையில் காட்டிக்கொடுப்பது அதன் ஊளை. நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் வடிவங்களிலோ பெரும்பாலும் மழை பெய்து சாயம் கரைகிறது. எவ்வாறாயினும் சாயம் போவது நம் மொழியில் அவமானத்தின் குறி. கடைக்காரரிடம் நாம் கேட்கும் முதற்கேள்வியும் 'சாயம் போகுமா?' என்பதுதான்.

இன்று பெங்களூரில் சாயம் போவதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஒரு கால்சட்டையை வாங்குவோர் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறிய வட்டம். பெரும்பாலும் மென்பொருள், வடிவமைப்பு, விளம்பரம் முதலிய தொழில்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வாங்குவது தறியிலிருந்து இறங்கியபின் சலவையே காணாத டெனிம். பாவுக்கு ஏற்றிய கஞ்சி போகாமல் அட்டைபோல் விறைத்து நிற்கும் அதனை மாதக்கணக்கில் துவைக்காமல் உடுத்துகிறார்கள். இருசக்கர வண்டியின் இருக்கை, அலுவலக நாற்காலி, மெட்ரோ நிலையப் படிக்கட்டு, பையில் செருகிய கைப்பேசி ஆகியவை நாள்தோறும் உராய்ந்து உராய்ந்து துணியில் தடம் பதிக்கின்றன. இடுப்பின் கீழே மீசை போன்ற கோடுகளும் முழங்காலின் பின்புறம் தேன்கூடு போன்ற மடிப்புகளும் வெளுத்துத் தோன்றும். தன் உடலே வரைந்த ஓவியம் என்று உடுத்தியவர் அதனைக் காண்கிறார்.

'ரா டெனிம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இத்துணிக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. நனையாத புதுத்துணியைக் 'கோடி' என்பது நம் வழக்கு. திருமணத்திலும் கோடி உண்டு, சாவிலும் கோடி உண்டு. கோடியை உடுத்துமுன் அதன் முனையில் மஞ்சள் தடவும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் இதனைக் கோடி டெனிம் என்றே எழுதுகிறேன்.

என் கேள்விகள் மூன்று. வெளுப்பு எப்போது, எவ்வழியாக மதிப்புப் பெற்றது? தன் துணியைத் தானே வெளுக்கவைக்கும் உரிமை யாருக்கு வாய்க்கிறது? மற்றவர்களின் துணியை வெளுத்துத் தருபவர் யார்?

1. நீலம் ஏன் உதிர்கிறது

முதலில் சிறிது வேதியியல். அவுரியிலிருந்து எடுக்கும் நீலம் நீரில் கரையாது. மழையில் நனைந்த நரி நிறம் மாறியிருக்க முடியாது. இவ்வகையில் ஊளையைச் சொன்ன மூலக் கதையே நம்பத்தக்கது. கரையாத பொருளை நூலில் ஏற்ற, தொட்டியில் அதன் ஆக்சிசனைப் பறித்துக் கரையும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்போது கரைசல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நூலை முக்கி எடுத்துக் காற்றில் விரித்தால் கண்முன்னே பச்சை நீலமாகும். மீண்டும் முக்கி மீண்டும் காற்றாட விட்டால் நிறம் அடர்ந்துகொண்டே போகும்.

இவ்வாறு ஏறிய நீலம் நூலோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை; இழைகளின் இடையே சிக்கி நிற்கிறது. ஆகவே வெயிலையும் நீரையும் ஓரளவு தாங்கும் நீலம், உராய்வை மட்டும் தாங்காது. டெனிம் ஆலைகளில் பாவு நூல்களைக் கயிறாகத் திரட்டி, குறுகிய நேரத்தில் பல முறை முக்கி எடுக்கிறார்கள். சாயம் நூலின் புறத்தில் வளையமாகப் படிகிறது. நடு வெண்மையாகவே இருந்துவிடுகிறது. ஊடை நூலுக்குச் சாயமே இல்லை. புறவளையம் தேயும்போது உள்ளிருக்கும் வெண்மை தெரிகிறது. 'வெளுத்தது' என்று நாம் சொல்வது உண்மையில் ஆழத்தில் எப்போதும் இருந்த வெள்ளை.

பழைய சாயக்காரர்கள் இதற்கு நேர்மாறான இலக்கைக் கொண்டிருந்தார்கள். நூலுக்குள் இயன்ற அளவு ஆழமாக நீலத்தை இறக்குவதே அவர்களின் திறமை. டெனிமின் அழகோ சாயம் ஆழமாக இறங்காததில் இருக்கிறது.

2. சோழமண்டலக் கரையின் நீலமும் வெளுப்பும்

நீலத்தின் வரலாறு என்றதும் நம் மாணவர்கள் 1859-60இன் வங்காள நீலக் கலகத்தையும் 1917இன் சம்பாரனையும் சொல்வார்கள். தோட்ட முதலாளிகளின் கொடுமை அங்கே வெளிப்படையானது. ஆகவே ஆவணங்களும் மிகுதி. சென்னை மாகாணத்தின் நீலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் உழவர்கள் அவுரியைப் பயிரிட்டார்கள். கடப்பை என்ற பெயர் திரிந்து 'குர்பா' நீலம் என இலண்டன் சந்தையில் ஒரு வகைப் பெயராகவே வழங்கியது. வெட்பாலை இலையிலிருந்தும் நீலம் எடுக்கலாம் என்பதைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிவைத்தார். 1897இல் செர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இயற்கை நீலத்தின் உலகச் சந்தை சரிந்தது. இன்று திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி சிறு அளவில் தொடர்கிறது. பெங்களூரில் நாம் காணும் ஜீன்ஸில் ஏறக்குறைய அனைத்தும் செயற்கை நீலமே.

நீலம் வெறும் நிறமாக இருந்ததில்லை. பார்ப்பனர் விற்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் மனு நீலத்தையும் சேர்த்திருக்கிறது. சாயத் தொட்டியின் நாற்றமும் அதில் கைநனைத்தோரின் சாதியும் நீலத்தோடு ஒட்டிக்கொண்டன. வெண்மைக்கும் இதே கதைதான். சென்னையின் வண்ணாரப்பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுக்கக் குடியமர்த்தப்பட்டவர்களால் பெயர் பெற்ற இடம். உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலும் கொண்டு நாள்கணக்கில் உழைத்தால்தான் காடாத்துணி ஐரோப்பியச் சந்தைக்குரிய வெண்மை பெறும். வெளுப்பு என்பது அன்றே ஒரு தொழில். அதனைச் செய்யச் சாதியால் குறிக்கப்பட்ட உடல்கள் இருந்தன.

வெளுப்பு ஒரு நற்பண்பாக விற்கப்பட்ட முதல் பெரிய நிகழ்வும் சென்னையின் பெயரால்தான் நடந்தது. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் 'மெட்ராஸ்' கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கினார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆடையாக விற்பனைக்கு வந்தது. தனியாக, குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியோரிடம் போய்ச் சேரவில்லை. துவைத்தவர்களின் துணியில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார்கள் குவிந்தன. வழக்கு வரைக்கும் போயிருக்க வேண்டிய விவகாரத்தை விளம்பரம் காப்பாற்றியது. ஒவ்வொரு சலவையிலும் புதுத் தோற்றம் பெறும் அதிசயத் துணி என்று பத்திரிகைகள் எழுத, 'கசியும் மெட்ராஸ்' விரும்பிக் கேட்கப்படும் சரக்காயிற்று. வணிக உலகில் பலவாறு சொல்லப்படும் இக்கதையின் மையம் இதுதான்: குறையென்று திருப்பி அனுப்பப்பட வேண்டிய துணியின் இயல்பு, உண்மையான கைத்தொழிலின் சான்றாக மாற்றிச் சொல்லப்பட்டது. அந்த நாயர்தான் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவினார். அவற்றுள் ஒன்று பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையில் நிற்கிறது.

சாயம் போவதைத் திறமைக்குறைவாகக் கருதிய நெசவு மரபிலிருந்து வந்த துணி, சாயம் போவதை ஆளுமையாகக் காணும் சந்தையில் விலைபோனது. கோடி டெனிமுக்கான மனநிலம் அப்போதே உழப்பட்டுவிட்டது என்று கருதுகிறேன்.

3. சுரங்கத்திலிருந்து ஓகயாமா வழியாக

டெனிமின் மேற்கத்திய வரலாறு நன்கு எழுதப்பட்டது, சுருக்கமாகக் கடக்கிறேன். நெவாடாவின் ரீனோ ஊரில் தையற்காரராயிருந்த ஜேக்கப் டேவிசும் சான்பிரான்சிஸ்கோ துணி வணிகர் லீவை ஸ்ட்ராசும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். கால்சட்டைப் பையின் முனைகள் கிழியாமல் செம்பு ரிவெட் அடிப்பதே அதன் சாரம். சுரங்கத் தொழிலாளி, மரம்வெட்டி, ரயில் பாதை போடுபவர் ஆகியோரின் உடை அது. அக்காலத்தில் எல்லா டெனிமும் கோடியாகவே விற்கப்பட்டது. வெளுப்பு என்பது உழைத்ததன் பக்கவிளைவு. அதனை யாரும் வியக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜீன்ஸ் இளைஞர் உடையானபோது, உழைக்காமலேயே உழைத்த தோற்றம் வேண்டியிருந்தது. ஆலைகள் துணியை முன்கூட்டியே வெளுத்து விற்கத் தொடங்கின. இதற்கு எதிர்வினையாகவே கோடி டெனிம் திரும்பி வந்தது. வந்த இடம் ஜப்பான். ஓகயாமா மாநிலத்தின் கொஜிமா வட்டாரத்தில் பழைய நாடாத் தறிகளில் கரை கட்டிய டெனிமை நெய்து, அமெரிக்கா கைவிட்ட முறையை ஜப்பானியர் ஒரு கலையாக்கினர். இந்தப் பயணத்தை டபிள்யூ. டேவிட் மார்க்ஸ் 2015இல் வெளியான 'அமெடோரா' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வட கரோலினாவில் 1905 முதல் இயங்கிய கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை 2017இன் இறுதியில் மூடப்பட்டது. பெங்களூர் இளைஞர் ஒருவர் இன்று போற்றும் 'அமெரிக்க உழைப்பாளி உடை' ஜப்பானிய ஏக்கத்தின் வழியாக அவரை வந்தடைந்தது.

4. ஆலைகள் போய்த் தையற்கூடங்கள் வந்த நகரம்

பெங்களூர் துணி நகரமாக இருந்தது என்பதை மென்பொருள் நகரம் மறந்துவிட்டது. 1884இல் தொடங்கிப் பின்னர் பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்த பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ், மகாராஜா மில்ஸ், மினர்வா மில்ஸ் ஆகியவை இந்நகரத்தின் தொழிலாளர் வர்க்கத்தை உருவாக்கின. அதில் தமிழ் பேசுவோர் கணிசமானோர். ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்' (1998) இவ்வரலாற்றுக்கு இன்றியமையாத நூல். சட்ட மாணவர்களுக்கு மினர்வா மில்ஸ் என்றால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை உறுதிசெய்த 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் பெங்களூரில் ஓர் ஆலையும் அதன் சங்கொலிக்கு எழுந்த குடும்பங்களும் இருந்தன என்பது பாடத்தில் வருவதில்லை. பின்னி ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

நெசவு போன இடத்துக்குத் தையல் வந்தது. பீன்யா, மைசூர் சாலை, ஓசூர் சாலையின் பொம்மனஹள்ளி ஆகிய இடங்களில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். 1990களின் நடுவில் லீவைஸ் இந்தியாவுக்கு வந்து பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டது. 1931இல் அகமதாபாத்தில் தோன்றி 1980களின் நடுவில் டெனிமுக்கு மாறிய அரவிந்த் நிறுவனமும் தன் பிராண்டு ஆடை வணிகத்தைப் பெங்களூரிலிருந்தே நடத்திவருகிறது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் அருகே ஜடையம்பாளையத்தில் கே.ஜி. டெனிம் எழுந்ததும் 1990களில்தான்.

இக்காலத்தின் ஒரு நிகழ்வு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1995இல் அரவிந்த் 'ரஃப் அண்டு டஃப்' என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்றது. வெட்டிய டெனிம், ஜிப், ரிவெட், முத்திரைப் பட்டை அனைத்தும் ஒரே பொட்டலத்தில். விலை 195 ரூபாய். வாங்கியவர் தம் ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத் இதனை ஏழைகளின் சந்தையை அடையும் வழிக்கு எடுத்துக்காட்டாக்கினார். எனக்கு அது வேறொன்றையும் காட்டுகிறது. அந்தப் பொட்டலத்தின் டெனிம் நம் தெருமுனைத் தையற்காரரின் மிதி இயந்திரத்துக்குக் கீழே போய், தீபாவளிச் சட்டையோடு ஒன்றாக வீட்டுக்கு வந்தது. உடுத்தியவர் அதனை வெளுக்கவைக்கவில்லை. வெளுத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார். கால்சட்டையின் நிறம் நெடுநாள் நிற்க வேண்டும் என்பது ஒரே ஒரு நல்ல கால்சட்டை வைத்திருப்போரின் நியாயமான விருப்பம்.

5. வெளுத்துத் தரும் உடல்கள்

கோடி டெனிமைத் தானே வெளுக்கவைக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். அவ்வளவு காத்திருக்க முடியாத பெருஞ்சந்தைக்கு அதே தோற்றத்தைச் சில மணி நேரத்தில் உருவாக்கித் தர வேண்டும். நுரைக்கல் இட்டுச் சுழற்றுதல், நொதிகளால் அரித்தல், உப்புத்தாளால் தேய்த்தல், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தெளித்தல், மணலை விசையோடு பீய்ச்சுதல் முதலியன இதற்கான முறைகள். இவற்றுள் கடைசியான மணல்வீச்சு துருக்கியில் இளம் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயைக் கொடுத்தது. பொதுவாகச் சுரங்கத்திலும் கல்குவாரியிலும் பல்லாண்டு உழைத்தோருக்கு வரும் நோய், ஆடைத் தொழிலில் சில ஆண்டுகளே இருந்தவர்களைக் கொன்றது. 2009இல் துருக்கி டெனிமுக்கான மணல்வீச்சைத் தடைசெய்தது. 2010இல் லீவைசும் எச் அண்டு எம்மும் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன. சுரங்கத் தொழிலாளிக்காகத் தோன்றிய கால்சட்டை, அவருடைய உழைப்பின் தேய்மானத்தை நகலெடுக்கப் போய், அவருடைய நோயையும் நகலெடுத்தது.

கர்நாடகத்தில் ஜீன்ஸ் என்றால் பல்லாரி. தமிழ் அரசியல் வரலாறு வாசிப்போருக்குப் பல்லாரி என்றதும் சிறைச்சாலை நினைவுக்கு வரும்; 1953 வரை அது சென்னை மாகாணத்தின் பகுதி. பாசறை நகரமாக இருந்த அவ்வூரில் படைவீரர்களின் சீருடை தைத்த தையல் மரபிலிருந்தே ஜீன்ஸ் தொழில் கிளைத்தது என்று உள்ளூரில் சொல்கிறார்கள். இன்று சிறு தையற்கூடங்களும் வீட்டுத் தையலும் சலவைக் கூடங்களும் சேர்ந்த ஒரு வலைப்பின்னல் அங்கே இயங்குகிறது. தையல் பரவலாக நடக்கலாம், சலவை அப்படியன்று. அதற்கு நீர் வேண்டும், நீலமாகி வெளியேறும் நீருக்கு ஒரு போக்கிடமும் வேண்டும். இரண்டும் அரிதான வறண்ட நிலத்தில் சலவைக் கூடங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இடையே இழுபறி தொடர்கிறது. கூடங்களை மூட ஆணை வரும்போது தையலும் நின்றுபோகிறது. ஏனெனில் வெளுக்காத ஜீன்ஸை அந்தச் சந்தை வாங்காது. திருப்பூரின் நொய்யலை அறிந்த நமக்கு இந்தச் சிக்கல் புதிதன்று.

பெங்களூரின் தையற்பெண்களைப் பொதுவெளி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ஆணையிட்டது. ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலை முதலிய இடங்களில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 19ஆம் தேதியே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 58 வயது வரை அந்த இயந்திரத்தின் முன் உட்கார முடியாது என்பதைத் தம் முதுகும் கண்ணும் அறிந்தவர்களுக்கு அந்தச் சட்ட விதியின் பொருள் உடனே விளங்கியது. தேய்மானம் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. துவைக்காதிருக்கும் உரிமை

ஓசூர் சாலையிலேயே இருக்கிறது மடிவாளா. ஊருக்குப் போகும் பேருந்துக்காக இரவில் காத்திருக்கும் பெங்களூர்த் தமிழர் அனைவரும் அறிந்த இடம். கன்னடத்தில் மடிவாள என்பது துணி வெளுப்போரைக் குறிக்கும் சொல். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரணர்களுள் ஒருவரான மடிவாள மாச்சிதேவர் இச்சமூகத்தின் பெருமைக்குரியவர். 'மடி' என்ற சொல் தமிழகத்துப் பார்ப்பன வீடுகளிலும் உண்டு. துவைத்து உலர்த்தி, பிறர் தொடாத துணி. தூய்மை மடி உடுத்தியவருடையது. அதனைத் துவைத்துத் தந்தவரோ தீண்டத்தகாதவராக அல்லது தாழ்ந்தவராக ஒதுக்கப்பட்டார். துணியைப் பற்றிய நம் சமூகத்தின் முதன்மை முரண் இதுவே.

இந்தப் பின்னணியில் ஆறு மாதம் துவைக்காத கால்சட்டை என்ன பொருள் தருகிறது? அழுக்கு உடையும் வியர்வை நாற்றமும் உழைக்கும் சாதிகள் மீது சுமத்தப்பட்ட இழிவுகள். அவற்றைக் காரணம் காட்டியே கோயில், பள்ளி, உணவகம் ஆகியவற்றின் வாயில்கள் மூடப்பட்டன. 1927இல் மகாட் மாநாட்டை ஒட்டிப் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், சாதியை அடையாளம் காட்டும் உடுத்துமுறையைக் கைவிடச் சொன்னதையும், தாமே மடிப்புக் கலையாத கோட்டும் சூட்டும் அணிந்து பொதுவெளியில் நின்றதையும் இங்கே நினைக்க வேண்டும். துவைத்த உடை பலருக்குப் போராட்டத்தால் கிடைத்த மதிப்பு. அதனைத் துறப்பதை ஓர் அழகியலாக மேற்கொள்ள, அழுக்கானவர் என்று யாரும் நம்மைச் சந்தேகிக்க முடியாத இடத்தில் நாம் முன்பே இருந்தாக வேண்டும். ஓர் ஐ.டி. பூங்காவின் வாயிலில் வெளுத்த ஜீன்ஸ் பொறியாளரைக் காவலர் வணங்கி உள்ளே விடுகிறார். அதே வெளுப்பு கட்டடத் தொழிலாளியின் காலில் இருந்தால் கேள்வி வேறு.

இதற்கு மறுப்பாகச் சூழலியல் வாதம் ஒன்று முன்வைக்கப்படுகிறது. அதனையும் நேர்மையாக எடைபோட வேண்டும். லீவைஸ் 2015இல் வெளியிட்ட வாழ்நாள் ஆய்வு, ஒரு 501 ஜீன்ஸ் பருத்தி விளைச்சல் முதல் கழித்தெறியப்படும் வரை ஏறத்தாழ 3,800 லிட்டர் நீரைக் கொள்வதாகக் கணக்கிட்டது. அதில் 68 விழுக்காடு பருத்திக்கு. 23 விழுக்காடு உடுத்துவோர் வீட்டுச் சலவைக்கு. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குப் பெங்களூர் காத்திருந்ததைக் கண்டவர்கள் இக்கணக்கை அலட்சியம் செய்ய முடியாது. குறைவாகத் துவைப்பது நல்லதே. ஆனால் எண்களைக் கூர்ந்து பாருங்கள்: நீரின் பெரும்பகுதி உடுத்துபவரின் வாளிக்கு வருமுன்பே செலவாகிவிட்டது. துவைக்காமல் உடுத்துவதைக் காட்டிலும், ஒரே கால்சட்டையைப் பல ஆண்டுகள் தைத்துத் தைத்து உடுத்துவதே கணக்கை மாற்றும். இது நம் பாட்டிமார் அறிந்த பொருளாதாரம். கிழிந்த வேட்டி தலையணை உறையாகி, பிறகு கைத்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியான வரலாறு நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

7. தையலில் படிந்திருக்கும் கை

கோடி டெனிம் அணிவோர் தம் கால்சட்டையைத் தன்வரலாறு என்று சொல்வதுண்டு. வரலாற்று மாணவருக்கு இக்கூற்று சோதித்துப் பார்க்கத்தக்கது. ஒரு துணி எதற்குச் சான்று?

விந்தையாக, இக்கேள்விக்கு அமெரிக்கக் குற்றப் புலனாய்வு ஒரு விடை வைத்திருக்கிறது. 1990களில் ஒரு வங்கிக் கொள்ளை வழக்கில், எஃப்.பி.ஐ. ஆய்வாளர் ரிச்சர்டு வார்டர் புருக்கே கண்காணிப்புப் படத்தில் தெரிந்த ஜீன்ஸையும் சந்தேகத்துக்குரியவரின் ஜீன்ஸையும் ஒப்பிட்டார். கால் நெடுகிலும் ஓடும் தையலில் மாறி மாறி வரும் வெளுத்த, அடர்ந்த பட்டைகள் கைரேகைபோல் தனித்துவமானவை என்பது அவர் வாதம். அப்பட்டைகள் தோன்றுவதற்கு அவர் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: தையற்காரர் துணியை இயந்திரத்துள் தள்ளும்போது ஏற்படும் சிறு சிறு இழுப்பு வேறுபாடுகளால் தையலில் மேடுபள்ளம் உண்டாகிறது, மேடு முதலில் தேய்ந்து வெளுக்கிறது. 2020இல் சோஃபி நைட்டிங்கேலும் ஹானி ஃபரிதும் இம்முறையைச் சோதித்து, ஆளை அடையாளம் காண இது போதிய அளவு நம்பத்தக்கதன்று என்று காட்டினார்கள். குற்றவாளியை அறிய அது உதவாமற்போகலாம். மேடுபள்ளம் எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்தை அந்த மறுப்பு அழித்துவிடவில்லை.

கோடி டெனிம் விரும்பிகள் மிகவும் போற்றும் அடையாளம் ஒன்று, கால்சட்டையின் கீழ்மடிப்பில் தோன்றும் முறுக்கிய கயிறு போன்ற வெளுப்பு. மடிப்பை உருட்டித் தைக்கும் பழைய சங்கிலித் தையல் இயந்திரத்தில் துணியின் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் சற்றே வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் அது உண்டாகிறது. உடுத்தியவர் உடல் அதனை வெளிக்கொணர்ந்தது. எழுதியது வேறொரு கை. முழங்கால் மடிப்பு உடுத்தியவருடையது என்றால், தையலோரத்துப் பட்டைகள் பீன்யாவிலோ பல்லாரியிலோ ஒரு மணிக்கு இத்தனை உருப்படி என்ற கெடுவுக்கு ஓடிய கையின் பதிவு. ஒரே கால்சட்டையில் இரண்டு பேருடைய வரலாறு இருக்கிறது. ஒருவர் அதைத் தன் பெயரில் படித்துக்கொள்கிறார்.

ஆடை பற்றிய நல்ல ஆய்வுகள் நமக்கு முன்னால் இருக்கின்றன. எம்மா டார்லோவின் 'குளோத்திங் மேட்டர்ஸ்' (1996) இந்தியர் எதை உடுத்துவது என்று முடிவுசெய்வதை ஆராய்ந்தது. டேனியல் மில்லரும் சோஃபி வுட்வர்டும் தொகுத்த 'குளோபல் டெனிம்' (2011) நூலில் மில்லர் கண்ணூரில் ஜீன்ஸ் ஏன் ஓர் எல்லைக்குமேல் பரவவில்லை என்று எழுதினார். கசியும் மெட்ராஸின் வணிகரைத் தந்த அதே கண்ணூர். இவ்வாய்வுகளின் பார்வை பெரும்பாலும் உடுத்துவோரிடம் நிற்கிறது. உழைப்பு வரலாறு எழுதியோர் ஆலையையும் சங்கத்தையும் கண்டார்கள். துணியின் மேற்பரப்பைக் காணவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஆய்வு தமிழிலும் கன்னடத்திலும் தேவைப்படுகிறது.

ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு மூன்று பணிகளைச் சொல்கிறேன். ஒன்று, பெங்களூர், பல்லாரி, கோவை ஆகிய ஊர்களின் சலவைக் கூடத் தொழிலாளரின் வாய்மொழி வரலாறு. அவர்களுள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், நுரையீரல் நலம் பற்றிய கேள்வியைத் தவிர்க்காமல் கேட்க வேண்டும். இரண்டு, ரஃப் அண்டு டஃப் காலத்தில் ஜீன்ஸ் தைத்த தெருமுனைத் தையற்காரர்களின் அளவு நோட்டுகள்; அவை பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மூன்று, தென்னார்க்காட்டு அவுரிச் சாகுபடி பற்றி மாவட்டக் கையேடுகளிலும் வருவாய்த் துறைக் கோப்புகளிலும் இருக்கும் செய்திகளை வண்ணாரப்பேட்டை வரலாற்றோடு இணைத்துப் படிப்பது. நீலம் ஏற்றியவரையும் நீலம் இறக்கியவரையும் ஒரே வரலாற்றில் கொண்டுவர அது ஒன்றே வழி.

உங்களில் யாரிடமேனும் அத்தகைய அளவு நோட்டோ, ஆலைச் சம்பளச் சீட்டோ, பின்னி ஆலையில் வேலைபார்த்த பெரியவர்களின் நினைவுகளோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். வீட்டில் பழைய ஜீன்ஸ் கிடந்தால், துடைக்கும் துணியாக்குமுன் அதன் உட்புறத் தையலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.